இல்லாதவளின் ஆட்சேபணை

பட்டப்பகலில் ஊரைத் தூங்க வைப்பது என் உத்தியோகம். அடையாள அட்டையில் ‘நிலோஃபர், உதவி நகரமைப்பு அலுவலர்’ என்று கௌரவமாகத்தான் போட்டிருக்கும். மருதேரிப்பட்டு நகராட்சியின் கல்யாண மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்களைப் போட்டு, வருகிற ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு பட்டையைக் கட்டி, “கண்ண மூடுங்க, பயப்படாதீங்க” என்று நான் சொல்வதைப் பார்த்தால் யாரும் என்னை அரசு ஊழியர் என்று நினைக்கமாட்டார்கள். பேயோட்டுகிறவள் என்று நினைப்பார்கள்.

முன்பெல்லாம் நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்றால் ஒரு வரைபடம். மஞ்சள் என்றால் வீடு, நீலம் என்றால் கடை, ஊதா என்றால் தொழிற்சாலை, பச்சை என்றால் பூங்கா. அதை நகராட்சிச் சுவரில் ஒட்டி, ஆட்சேபணை உள்ளவர்கள் வரலாம் என்று அறிவிப்போம். ஒருவரும் வரமாட்டார்கள். வரைபடத்தின் மேல் யாராவது காதணி விழா போஸ்டர் ஒட்டிவிட்டுப் போவார்கள். பிறகு ஒருநாள் வீட்டு வாசலில் புல்டோசர் வந்து நிற்கும்போது, ஐயோ எங்களிடம் யாருமே சொல்லவில்லையே என்று அழுவார்கள். அழுகிறவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

அதனால் புதுச் சட்டம் வந்தது. திட்டத்தை நிறைவேற்றுமுன் மக்கள் அதற்குள் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தால் அரைத்தூக்கத்தில் அவரவர் தெரு விரியும், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு இருக்கப்போகிற மாதிரி. வெயில் உறைக்கும், செருப்பில் மண் ஒட்டும். இதற்கு ‘முன்னுலா’ என்று பெயர் வைத்தோம். ஜனங்கள் ‘தூக்கம்’ என்றார்கள். “தூங்கிட்டு வந்தாச்சா?” என்பதுதான் அந்தக் கோடையில் மருதேரிப்பட்டில் குசலம் விசாரிக்கும் வார்த்தை.

மருதேரிப்பட்டு, சென்னை தெற்கே காலை நீட்டியபோது அதன் பாதத்தில் அகப்பட்ட ஊர். பேட்டைகள் பல. ஒன்றுக்கொன்று ஆகாது. டெலிபோன் காலனிக்காரர்கள் எல்லையம்மன் கோயில் தெருவை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எங்கள் முதல் வரைவு சுடுகாட்டை இடம் மாற்றப் பார்த்தது. அந்த ஒரு விஷயத்தில் எல்லாப் பேட்டைகளும் கைகோத்து எழுந்து வரைவை ஒரே வாரத்தில் கொன்றுவிட்டன.

இரண்டாவது வரைவு பிழைக்கும் என்று நம்பினோம். டெலிபோன் காலனிக்கு மெட்ரோ நிலையம். அதற்கு ஈடாக, தென்சென்னையின் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை மேற்கு எல்லையில், அதாவது எல்லையம்மன் கோயில் தெருவின் முதுகுப்புறம் வரும். அந்தத் தெருக்காரர்களும் பெரிதாக எதிர்க்கவில்லை. ஏனென்றால் மாற்றாக நாங்கள் வைத்திருந்த மூன்றாவது வரைவில் அவர்கள் தெருவில் பாதி இருக்காது. பள்ளமான பகுதி அது. அங்கே மழைநீர் தேங்க ஒரு ஏரி வெட்டச் சொல்லியிருந்தது மூன்றாவது வரைவு. ஏரி வேண்டுமா, ஆலை வேண்டுமா என்றால் வீடு மிஞ்சுகிற ஆலையே மேல் என்று அவர்கள் நினைத்தார்கள்.

டெலிபோன் காலனி நலச்சங்கத் தலைவர் கோதண்டபாணி, ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், தூங்கி எழுந்ததும் கேட்ட கேள்வி இது:

“ஸ்டேஷன் பிரமாதம்மா. எஸ்கலேட்டர்ல ஏறிப் பார்த்துட்டேன். ஆமா, அங்க நடமாடறாளே, அவாள்லாம் யாரு?”

“யாருமில்ல சார். நிரப்பு ஆட்கள்.”

“அப்படின்னா?”

“மொதல்ல தெருவக் காலியா வெச்சோம் சார். ஆள் இல்லாத ஊர்ல நடந்தவங்க அலறிக்கிட்டு எழுந்தாங்க. அதனால இந்த வார்டு ஜனங்களோட முகங்கள மெஷினே கலந்து புது ஆட்கள உருவாக்குது. அந்த மண்ணுலயே பொறந்து வளர்ந்த மாதிரி ஒரு ஒடம்பும் குடுக்குது. அந்தத் தண்ணி, அந்தக் காத்து, அந்தச் சத்தம். பேசினா நாலு வார்த்தை பேசுவாங்க.”

“நான் இருப்பேனோ?”

“உங்கள வைக்கமாட்டோம். செத்துப்போன உங்க சொந்தக்காரங்களையும் வைக்கமாட்டோம், பெத்த பிள்ளைகளையும் வைக்கமாட்டோம். அது ரூல்.”

“அதுவும் சரிதான். நம்ம தூக்கத்துல நம்ம சொந்தக் கனவு கலந்துடாதா?”

“கலக்காது சார். அதுக்கு வழியே இல்லைன்னு மெஷின் செஞ்சவங்க எழுதிக் குடுத்திருக்காங்க.”

திருப்தியாகப் போனார். முப்பது ஆண்டில் வீட்டை விற்றுவிட்டு மகளோடு கனடாவில் இருப்பேன், நிலையம் வந்தால் நல்ல விலை போகும் என்றும் வாசலில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பரிமளா வந்தது மறுநாள். எல்லையம்மன் கோயில் தெருவில் மாவு மில் வைத்திருக்கிறவள். நாற்பது தாண்டிய வயது. கைமுட்டிவரை வெள்ளையாக மாவு. அப்படியே படுத்தாள். நேரம் முடிந்து பட்டையைக் கழற்றிய பிறகும் எழவில்லை. விட்டத்துக் காற்றாடியைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

“ஏம்மா, தலை சுத்துதா?”

“எங்க வீட்ல ஒரு பொண்ணு இருக்குது மேடம்.”

“நிரப்பு ஆளும்மா. வீடு காலியா இருக்கக் கூடாதுன்னு...”

“மில்லுல நிக்குது. என் தாடை. அவரு மூக்கு. ‘மாவு தீந்துடுச்சு ஆன்ட்டி, சாயங்காலம் வாங்க’ன்னு சொல்லுது. நான் எப்படிச் சொல்வேனோ அதே மாதிரி.”

அவளுக்குக் குழந்தை இல்லை என்பதைத் தெரு சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். பார்க்காத மருத்துவமனை இல்லை, சுற்றாத கோயில் இல்லை. இயந்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது. வார்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான முகங்களில் எதையோ எதோடோ கலந்ததில், தற்செயலாக இந்த இரண்டும் சேர்ந்து, தற்செயலாக அந்த வீட்டிலேயே போய் நின்றுவிட்டது. பெற்ற பிள்ளைகளை வைக்கக்கூடாது என்று விதி போட்ட எங்களுக்கு, பெறாத பிள்ளைக்கு ஒரு விதி போடத் தோன்றவில்லை.

அதை அவளிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். “அது தற்செயல்மா. ரெண்டு முகத்த மெஷின் கலந்திருக்கு, அவ்வளவுதான்.”

“பெத்த புள்ளையும் அப்படித்தானே மேடம் வருது?” என்றாள்.

படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ.

அன்றிலிருந்து காலை அரவை முடிந்ததும் வந்துவிடுவாள். எத்தனை முறை வேண்டுமானாலும் நடந்து பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நான் எப்படித் தடுக்க முடியும்? வெளியே அக்கினி நட்சத்திரம் கொளுத்தும். உள்ளே திரை போட்ட மங்கலில் கட்டில்களில் ஊர் கிடக்கும். மூச்சுச் சத்தமும் காற்றாடிச் சத்தமும் மட்டும் கேட்கும். அந்த மண்டபத்தில் அதுவரை எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கும். எனக்கென்னவோ பரிமளா கண்ணை மூடிச் சிரிக்கும் நேரத்தில்தான் அது விசேஷ வீடு மாதிரி இருந்தது.

எழுந்ததும் சொல்லுவாள். “இன்னிக்கு ரெட்டைப் பின்னல்.” “இன்னிக்கு ஒரு கிழவிகிட்ட சண்டை போடுறா மேடம், வாய் இருக்குதே, யப்பா!” “நான் யாருன்னு கேட்டா. பக்கத்துத் தெருன்னேன்.” அந்தப் பெண்ணுக்கு அவள் என்றைக்குமே ஆன்ட்டிதான். பரிமளா அதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை.

ஒருநாள் கணவனையும் இழுத்து வந்தாள். தணிகாசலம் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். “இதெல்லாம் வேலையத்த வேலை” என்று முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். எழுந்து வெகுநேரம் செருப்பைத் தேடினார். செருப்பு காலிலேயே இருந்தது.

“என் மூக்குதான் மேடம்,” என்றார் கடைசியில். “பாவம், பொம்பளப் புள்ளைக்குப் போயி இந்த மூக்கா கெடைக்கணும்!”

அவர் கண் கலங்கியதைப் பார்க்காத மாதிரி நான் பட்டையைத் துடைத்தேன்.

இரண்டாவது வரைவுக்குப் பரிமளாவைப்போல ஆதரவாளர் கிடையாது. தெருவில் வீடுவீடாகப் போய், “ஆலை வந்தா வரட்டும், வீடு இருக்குமில்ல?” என்று பேசினாள். கோதண்டபாணி அவளைத் தன் காலனிக்கு அழைத்துக் காபி கொடுத்தார். எல்லையம்மன் கோயில் தெருக்காரிக்கு அந்தக் காலனியில் நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை என்று ஊரே பேசிக்கொண்டது.

பிறகு ஒருநாள் அவள் எழுந்தபோது முகம் சரியில்லை.

“அவ இருமறா மேடம்.”

“என்னது?”

“மேற்கால இருந்து காத்து வந்தா இருமறா. மொதல்லருந்தே இருமிக்கிட்டுதான் இருந்திருக்கா, எனக்குத்தான் அவ மொகத்தப் பார்க்கற ஆசையில காதே கேக்கல. இன்னிக்கு மூட்டையத் தூக்கிட்டு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துட்டா. இருவத்தஞ்சு வயசு மேடம் அவளுக்கு!”

நான் பட்டையைச் சுருட்டினேன்.

“ஏன் இருமறா?”

“அந்த மண்ணுல பொறந்து வளர்ந்த ஒடம்புன்னா எப்படி இருக்குமோ, மெஷின் அப்படித்தான் குடுக்கும்மா.”

“அப்ப நீங்க குடுத்த சீக்கு இல்லியா அது?”

“நாங்க குடுக்கல. பின்னாடி வர்ற ஆலைப் புகை குடுக்குது.”

“ஆலைய அங்க வெச்சது யாரு?”

வைத்தது நான்தான். ஊதா நிறத்தை நான்தான் அங்கே நிரப்பினேன். மூச்சுக்கோளாறு பற்றிய பக்கமும் எங்கள் அறிக்கையில் இருந்தது. வார்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் வந்துவிட்டது. சராசரிக்கு இருமல் வராது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் காற்றாடியைக் கூட்டி வைத்தேன்.

மறுநாள் பரிமளா படுத்து எழுந்து, கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்து சொன்னாள்: “வேற எங்கயாச்சும் போயிடேன்னு கேட்டுப் பார்த்தேன். ‘எங்க ஆன்ட்டி போறது? நான் பொறந்ததே இங்கதானே’ன்னா.”

நிரப்பு ஆளுக்கு வரைவுக்கு வெளியே ஊர் கிடையாது. அதை அவளுக்கு விளக்கினேன். இந்த வரைவு ரத்தானால் அதில் உள்ள அத்தனையையும் அழித்துவிடுவோம், அந்தப் பெண்ணையும் சேர்த்து, என்பதையும் சொன்னேன். பின்னால் தெரிந்து உடைவதைவிட முன்னால் தெரிந்திருப்பது நல்லது என்று நினைத்தேன். அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு சில நாள் வரவில்லை. மில்லும் திறக்கவில்லை என்றார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் அதே மண்டபத்தில், கட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நடந்தது. துணை இயக்குநர் விக்டர் சார் தலைமை. நேர்மையான மனிதர், அதனாலேயே விதியைத் தவிர வேறெதையும் நம்பமாட்டார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். எல்லோரும் மோர் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பரிமளா எழுந்தாள்.

“எனக்கு ஆட்சேபணை சார். ஆலை கூடாது.”

கோதண்டபாணி திடுக்கிட்டுத் திரும்பினார். “ஏம்மா, நேத்து வரைக்கும் வேணும்னு சொன்னவ நீதானே?”

“ஆமா சார். இன்னிக்கு வேணாங்கறேன்.”

“காரணம்?” என்றார் விக்டர் சார்.

“ஒரு பொண்ணுக்கு ஒடம்புக்கு ஆகல.”

“யார் அந்தப் பொண்ணு? உங்க மகளா?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். தணிகாசலம் பின்வரிசையிலிருந்து, “ஆமா சார், எங்க மகதான்,” என்றார்.

தெருவுக்கே விஷயம் தெரியும். யாரோ கிசுகிசுக்க, யாரோ சிரிக்க, விக்டர் சார் காதில் நான் குனிந்து விவரம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

“அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா பாதிக்கப்படற நபர்தான் ஆட்சேபிக்க முடியும். இல்லாத ஒருத்தருக்காக ஆட்சேபணை செல்லாது.”

“மொத்தத் திட்டமும் இன்னும் பொறக்காதவங்களுக்குத்தானே சார் போடறீங்க?” என்றாள் பரிமளா. “அவங்க நடக்கறதுக்கு ரோடு போடலாம், ஏறிப் போக ஸ்டேஷன் கட்டலாம். அவங்களுக்காக ஒரு வார்த்தை பேசினா மட்டும் செல்லாதா?”



கோதண்டபாணிக்கே மனம் பொறுக்கவில்லை. “யோசிச்சுப் பேசும்மா. இது போச்சுன்னா மூணாவது வரைவுதான். அதுல உன் வீடு ஏரி. மில்லும் போயிடும்.”

“தெரியும் சார்.”

“அந்தப் பொண்ணும்தான் இருக்காது,” என்றார் விக்டர் சார் மெதுவாக.

“மேடம் சொன்னாங்க.” அவள் குரல் அங்கேதான் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு எடுத்தாள். “என் கண்ணு முன்னாடியே இருக்கணும்னு அவள அந்தப் பொகையில கட்டிப் போட்டா, நான் என்னா சார் தாயி?”

விக்டர் சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று என்னைக்கூடக் கேட்காமல் ஓர் உத்தரவு போட்டார். கூட்டம் ஒத்திவைப்பு. எல்லோரும் இன்னொரு தடவை இரண்டாவது வரைவுக்குள் போய்வர வேண்டும். இந்தத் தடவை கட்டடத்தைப் பார்க்கக்கூடாது. அங்கே இருக்கிற ஆட்களிடம் நின்று பேச வேண்டும்.

கட்டில்கள் மறுபடி நடுவுக்கு வந்தன. முணுமுணுத்துக்கொண்டுதான் படுத்தார்கள். எழுந்தவர்கள் முணுமுணுக்கவில்லை. கோதண்டபாணி எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“எஸ்கலேட்டர் பக்கத்துல ஒரு பையன் நிக்கறான்,” என்றார் யாரையும் பார்க்காமல். “எங்க காலனிலயும் இருமறான்மா.”

இரண்டாவது வரைவு அந்த மாதமே ரத்தானது.

பரிமளா ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“மூணாவதுல அவள எங்கயாச்சும் ஒரு ஓரமா வெக்க முடியுமா மேடம்? எங்க வீட்ல கேக்கல, அதான் தண்ணியாயிடுதே. வேற யாரு வீட்லயாச்சும். அவங்க புள்ளையாவே இருக்கட்டும்.”

“பார்க்கறேம்மா,” என்றேன். அரசாங்கத்தில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் நிஜமாகவே பார்த்தேன். விக்டர் சாரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் மறுத்தார். ஒரு முகத்தைக் கடத்தினால் நாளைக்கு ஊரே வரும், செத்த அப்பாவைக் கொண்டுவா, ஓடிப்போன தம்பியைக் கொண்டுவா என்று. திட்டம் வரைவதை விட்டுவிட்டு நாம் சொர்க்கம் வரைந்துகொண்டிருக்க வேண்டியதுதான் என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது.

அழிக்குமுன் நானே ஒருமுறை பட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். தெரு வெயிலில் சோம்பிக் கிடந்தது. மில் வாசலில் அவள் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். அந்தத் தாடையும் அந்த மூக்கும் சேர்ந்து ஒன்றும் மோசமாக இல்லை. “மாவு தீந்துடுச்சு ஆன்ட்டி,” என்றாள் என்னைப் பார்த்து. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஆன்ட்டியா என்று ஒரு நொடி சுருக்கென்றது. பிறகு அவள் இருமத் தொடங்கினாள். கண்ணைத் திறந்து, வந்து உட்கார்ந்து, என் கையாலேயே அழித்தேன். மஞ்சள் போனது, நீலம் போனது, ஊதா போனது. எல்லாம் போய் வெள்ளையானபோது வாய்விட்டு அழுதேன்.

மூன்றாவது வரைவின் முன்னுலாவுக்குப் பரிமளா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். அவளிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன்: விதி இடம் கொடுக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், தேடாதீர்கள். நான் வாயைத் திறக்குமுன் அவள் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிவிட்டாள். பட்டையைக் கட்டிவிட்டேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த முகம் மெல்ல மலர்ந்தது.

எழுந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ஏரி ரொம்ப அழகா இருக்குது மேடம். கரையில பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டிருந்தா. வேற ஒரு அம்மாகூட. நான் கூப்புடல. அவளாத்தான் திரும்பி, ‘பஸ் போயிடுச்சா ஆன்ட்டி’ன்னு கேட்டா. இல்லம்மா, வரும்னேன். மேற்கால இருந்து காத்து ஜிலுஜிலுன்னு வீசுச்சு மேடம். இருமவே இல்ல.”

என் கையை விடாமலே சொன்னாள்:

“பார்க்கறேன்னு சொல்லிட்டு, சொன்ன மாதிரியே வெச்சிட்டீங்க. நல்லா இருப்பீங்க.”

“பரவால்லம்மா,” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் போன பிறகு மூன்றாவது வரைவை விரித்து வைத்துத் தேடினேன். நிரப்பு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். அந்தத் தாடை இல்லை, அந்த மூக்கு இல்லை. ஏரிக்கரையில் பஸ் நிறுத்தமே இல்லை. அந்தச் சாலையில் பஸ் விடுவதாகக்கூட நாங்கள் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் இறுதி வரைவு கையெழுத்துக்குப் போனது. விக்டர் சார் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“ஏரிக்கரையில எதுக்கும்மா பஸ் ஸ்டாப்? அங்க யாரு ஏறப் போறா?”

“ஆள் இருக்கு சார்,” என்றேன்.